நேபோ மலைச் சரிவில் கண்ட புல்

எண்பதுகளின் முற்பகுதியில், ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரம், நானும் மனைவியும் ஈப்போவிலுள்ள எங்கள் ஆலயக் குழுவோடு யோர்தான் நாட்டுக்குப் போனோம். லண்டனில் தாதியாக இருந்த மகள் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தாள். எனக்குப் போக மனமில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அதற்கு முந்திய ஆண்டு, கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிய வாரத்தில், தோட்டம் கைமாறிய செய்தி வந்தது. துண்டு துண்டாக விற்றார்கள். வேலையோடு தோட்டத்து வீடும் போனது. செமோரில் வாடகை வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து மாலை ஜெபத்தில் மேய்ப்பர் சங்கீதம் சொல்லும்போது, 'அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து' என்ற வரி வந்ததும் என் வாய் நின்றுவிடும். மனைவி தனியாகச் சொல்லி முடிப்பாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்படியே ஒவ்வொரு வரியாக விட்டு, கடைசியில் ஜெபத்தையே விட்டுவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் புல்லுக்குப் பஞ்சமில்லை. ஒரு மாதம் விட்டால் லாலாங் புல் இடுப்பளவு நிற்கும். மனைவியே கல்யாணத்துக்கு முன் அதை அழிக்க மருந்து தெளிக்கும் கூட்டத்தில் வேலை செய்தவள். அதனால் ஆண்டவர் நடத்திப்போகும் புல்வெளியையும் அப்படித்தான் நினைத்திருந்தேன்: கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை, ஆயுசுக்கும் கவலையில்லை. நான் வாசித்த வேத விளக்க நூல்கள் எதுவும் அந்தப் படத்தை மாற்றவில்லை.

வாக்களிக்கப்பட்ட நாட்டை மோசே தூரத்திலிருந்து பார்த்து, உள்ளே போகாமலே இறந்த நேபோ மலையில் நின்று பள்ளத்தாக்குக்கு அப்பால் பார்த்தோம். எங்கள் நாட்டுக் கடப்பிதழ் அந்தக் கரைக்குச் செல்லாது.

"மோசேக்கே விசா கெடைக்கல, நமக்கு எங்க கெடைக்கும் லா," என்றாள் மனைவி. குழுவே சிரித்தது.

இறங்கும் வழியில் பேருந்தின் டயர் பஞ்சரானது. சரிவில் ஒரு பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். எங்கும் வெறும் கல்லும் மண்ணும்தான்.

"இதுங்க என்னத்தத் தின்னுது, கல்லையா?" என்று கேட்டேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "என்னங்க, இங்க வாங்க. கல்லு நெழல்ல பாருங்க. இதுவா புல்லு? நம்ம தோட்டத்துல இதுக்கு மருந்துகூட அடிக்க மாட்டாங்க லா!"

நானும் குனிந்தேன். ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் விரல் நீளத்துக்கு நாலைந்து புல் தாள்கள். ஆடு ஒரு வாய் கடிக்கும். அந்தப் பெண் தொண்டைக்குள் ஒரு ஒலி எழுப்புவார். அது நாலடி நடக்கும், அங்கே இன்னொரு வாய். எல்லா ஆடுகளும் கொழுத்துத்தான் இருந்தன. டயர் மாற்றி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

செமோருக்கு வந்ததிலிருந்து அடுத்த ஆண்டை நினைத்தே தூக்கம் கெட்டிருந்தேன். ஆனால் அத்தனை மாதங்களில் ஒரு வேளைகூட எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. அந்த ஆடுகளைப் போல எங்களுக்கும் அன்றன்றைக்கு ஒரு வாய் கிடைத்துக்கொண்டேதான் இருந்தது.

பேருந்து கிளம்பியதும் யாரோ மேய்ப்பர் சங்கீதத்தைத் தொடங்கினார்கள். நானும் சொன்னேன். புல் வரியில் மனைவி வழக்கம்போல் தன் குரலை உயர்த்தப் போனவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"மெதுவா சொல்லுங்க லா," என்றாள். "எல்லாரையும் முந்திக்கிட்டுப் போறீங்க."