கொக்கின் வலது கண்

துறைமுகத்தில் எல்லாருக்கும் அவர் கொக்கு. கழுத்து நீளம், போதாததற்கு, பகலெல்லாம் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. கீழே நிற்பது ஆளா இரும்புத் தூணா என்று ஒருநாள் குழம்பிப்போனதும், யாரும் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. வலதுதான் ரொம்ப மோசம்.

ஆபரேஷன் செய்யப்போவது ஓர் இளம் டாக்டரம்மா என்றதும் அவர் மனைவிக்கு முகம் மாறியது.

“தப்பா நினைக்காதீங்க. இதுக்கு முன்னாடி நிறைய பண்ணியிருக்கீங்களா?”

டாக்டரம்மா மழுப்பவில்லை. “பண்ணியிருக்கேன். ஆனா பெரிய டாக்டர் அளவுக்கு இல்லை. கை பழகப் பழகத்தான் சிக்கல் குறையும், புதுசுல கொஞ்சம் அதிகமா வரும். அவர் என் பக்கத்துலயே இருப்பார். அவரே பண்ணணும்னா தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.”

“தள்ளியே போகட்டும்” என்று மனைவி வாயெடுப்பதற்குள் கொக்கு முந்திக்கொண்டார். “நீங்களே பண்ணுங்கம்மா.”

வெளியே வந்ததும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். “கண்ணு என்ன கடையிலயா கிடைக்குது? அப்படி என்ன அவசரம்?”

அவசரம்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பைத்தியம் பிடிப்பதுபோல் இருந்தது.

மேசையில் படுக்கவைத்து முகத்தைத் துணியால் மூடினார்கள். ஊசியில் கண் மரத்துப்போக, காது கூர்மையானது. இயந்திரம் சீராக முனகியது. “நல்லா போகுது ஐயா, அசையாம இருங்க” என்று டாக்டரம்மா அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று அந்தக் குரல் நின்றது.

“சார், பின்பக்கச் சவ்வு கிழிஞ்சிருக்கு.”

“பார்த்தேன். கருவியை வெளிய இழுக்காதம்மா. கை அப்படியே இருக்கட்டும்.”

அந்தரத்தில் சுமை ஆடும்போது பதறிப்போய் இழுத்தால் என்ன ஆகும் என்று கொக்குக்குத் தெரியும். மூச்சுவிடவே பயந்தார்.

“சார், நீங்க உட்காருங்க” என்றார் டாக்டரம்மா. நாற்காலிச் சக்கரங்கள் உருண்டன.

“என்னம்மா ஆச்சு?”

“பேசாதீங்க ஐயா. உள்ள ஒரு கிழிசல். சார் சரி பண்றார்.”

இயந்திரம் மறுபடி முனகத் தொடங்கியது.

வெளியே காத்திருந்த மனைவியிடம் டாக்டரம்மாவே வந்து சொன்னார். “என் கையிலதான் கிழிஞ்சுது. லென்ஸ் வெச்சாச்சு. பார்வை தெளிய நாளாகும். அடிக்கடி வந்து காட்டணும்.”

திட்ட வாயெடுத்த மனைவி கேட்டது ஒன்றைத்தான். “தெளியுமா?”

“தெளியணும்.”

கட்டைப் பிரித்ததும் ஒரே பனிமூட்டம். தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அவளும் கேட்கமாட்டாள், இவரும் சொல்லமாட்டார். ஒருநாள், “மூக்குக்கிட்ட என்ன, மாவா?” என்றார். அவள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இடது கண்ணுக்குத் தேதி வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடமே நேராகச் சொன்னார். “கோவிச்சுக்காதீங்கம்மா. இதைப் பெரிய டாக்டர் பண்ணட்டும்.”

“நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன் ஐயா.” சிரிக்க முயன்றார், முடியவில்லை.

அது சிக்கலில்லாமல் முடிந்தது. பார்வைப் பரிசோதனையில் தேறி, கொக்கு மறுபடி கூண்டில் ஏறினார். முதல் பெட்டியை இறக்கியபோது கை ஆமைபோல நகர்ந்தது.

“யோவ் கொக்கு, தூங்கிட்டியா?” என்று வயர்லெஸ்ஸில் கத்தினார்கள்.

பெட்டி தரையைத் தொட்ட பிறகுதான் அவர் பதில் சொன்னார்.