அரளி மாலை போட்ட ஜப்பான் கார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு அடுப்பில் கறி தீய்ந்துபோனால் அதற்கு டிவிதான் காரணம். வெளிநாட்டுக் கார்களைக் கழற்றி மாட்டி, வேகமேற்றி, பந்தயம் விடும் நிகழ்ச்சி ஒன்று அப்போது வந்துகொண்டிருந்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிப் பட்டறை வைத்திருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, அத்தையையும் கூட்டிக்கொண்டு அதைப் பார்க்க வந்துவிடுவார். விளம்பரம் வந்தால்தான் மனுஷன் மூச்சே விடுவார். அத்தையோ டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். இப்படியும் ஒரு ஜென்மமா என்று எனக்கு அவள்மேல் பரிதாபம்.

மாமாவிடமும் ஒரு கார் இருந்தது. மில் முதலாளி ஒருவர் ஜப்பானிலிருந்து இறக்கி, அலுத்துப்போய் ஷெட்டில் போட்டிருந்ததைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் போர்வெல் லாரி டர்போவை அதற்கு மாட்டி, இடது ஹெட்லைட்டைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் காற்றுக் குழாயின் வாயை வைத்திருந்தார்.

"இதுதான் அம்மிணி இவனுக்கு மூக்கு. ஒரு கந்தத்துணி உள்ள போச்சுன்னா மூச்சு முட்டி அங்கயே படுத்துக்குவான்" என்று எனக்கும் அத்தைக்கும் காட்டினார்.

"ஓட்டறவங்களுக்கு அடிகிடி படாதுங்களா?" என்றாள் அத்தை.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. வண்டி நின்னுபோயிரும், அவ்வளவுதான்."

காரைப் பற்றி அத்தை ஒரு கேள்வி கேட்டதே எங்களுக்கு அதிசயம். மாமாவின் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

அந்த நிகழ்ச்சிக்காரர்களே ஒருநாள் போன் செய்தார்கள். கோயம்புத்தூர் வெள்ளைக் கார் ஒன்றோடு ஓடவேண்டும். ஜெயித்தால் சென்னைப் பந்தயத் தடத்துக்குக் கூட்டிப்போய் அந்த வருஷம் முழுக்க ஓட்ட வைப்பார்கள். மாமா பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அத்தை அன்று சாப்பிடவில்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் அத்தையின் அண்ணன் போட்டோ ஒன்று மாலையோடு தொங்கும். சங்ககிரி ரோட்டில் பந்தயம் கட்டி பைக் ஓட்டப்போனவர், திரும்பி வரவில்லை. அந்தப் போட்டோவுக்கும் மாமாவின் காருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு டிவியில் முகம் தெரியவேண்டும், அதுதான் கவலை.

படம் பிடித்தது ஊருக்கு வெளியே, வீடே கட்டாத ஒரு லேஅவுட்டில். ஒரே நேர்கோடாகத் தார் ரோடு, இரண்டு பக்கமும் கல் நட்ட மனைகள். எங்கள் பக்கம் எந்த வண்டியும் பூஜை போடாமல் கிளம்பாது. அத்தை பனமரத்துப்பட்டிச் சிவப்பு அரளியில் ஆள் உயர மாலை வாங்கி வந்திருந்தாள். அதை அவள் காரின் முகத்தில் சாத்தியதும் மாமா ஓடிவந்தார்.

"ஐயோ, மூக்குக்கு நேரா மாலையா? எடு புள்ள அதை."

டிவிக்காரர் குறுக்கே வந்தார். "மாலை இருக்கட்டும் சார், பாக்க நல்லாருக்கு" என்றார்.

டிவிக்காரரை எதிர்த்துப் பேச முடியுமா? மாமா மாலையைச் சுருட்டி, காரின் முன்பக்கக் கிரில்லில் வலது ஓரமாகச் செருகி, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார். இழுத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க அத்தை குனிந்தாள். பழம் வைக்க இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சல். எட்டிப் பார்த்தேன். காருக்கு முன்னால் குத்தவைத்து மாலையில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். இன்னும் இறுக்கிக் கட்டுகிறாள் என்று நினைத்தேன். விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

கொடி இறங்கியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கித் தெறித்தன. முதலில் வெள்ளைக் கார் முந்தியது. பிறகு டர்போ ஊளையிட ஆரம்பித்தது, மாமா எட்டிப் பிடித்தார், மூக்கு முந்தியது. "மாமா! மாமா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு என் விரல்களை நெரித்தாள். சட்டென்று ஊளை அறுந்தது. கார் இருமியது, திணறியது, ஓரமாக உருண்டு நின்றது. வெள்ளைக் கார் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

எல்லோரும் ஓடினோம். குழாய்க்குள் பாதி மாலை போயிருந்தது, மீதி வெளியே தொங்கியது. பந்தய ரோடெல்லாம் சிவப்பு இதழ்கள். மாமா கிளம்பிய இடத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். நசுங்கிய எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கட்டுக்கம்பி கிடந்தது. அறுந்துபோகவில்லை. முறுக்கு முழுசாகப் பிரிந்து நீளமாகக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு திரும்பி அத்தையைப் பார்த்தார். அவள் ரத்தம் கசிந்த விரலில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு நின்றாள். மாமா கம்பியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மைக்கை நீட்டி டிவிக்காரர் கேட்டார், "என்ன சார் ஆச்சு?"

"நாந்தானுங்க சரியாக் கட்டலை. எம் பெசகுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. கேமரா முன்னாலேயே கத்தினேன். "இல்லைங்க, மாமா நல்லாத்தான் கட்டுனாரு. நான் பாத்தேன். அப்பறம் அத்தைகூட இன்னும் இறுக்கி..."

"வாயை மூடு!" என்றார் மாமா.

பிறந்ததிலிருந்து என்னை ஒரு வார்த்தை அதட்டாத மனுஷன். நான் அழுதுகொண்டே ஓடினேன். திரும்பும் வழியெல்லாம் வேனில் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் அத்தை காலையிலிருந்து தொடாத தூக்குப் போசியைத் திறந்து, தயிர்ச்சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். மாமா அவள் விரலில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, "தண்ணி குடி புள்ள" என்றார். அதன்பிறகு அவர் பந்தயப் பேச்சையே எடுக்கவில்லை.

மாலை வாங்கி வந்து காரைத் தோற்கடித்த அத்தைக்குத் தண்ணீரும் பிளாஸ்டரும், அவருக்காகப் பரிந்து பேசிய எனக்கு அதட்டலா என்று அந்த வருஷ முழுப்பரீட்சை லீவு வரை நான் மாமாவோடு டூ விட்டிருந்தேன்.