கடைசிக் கேள்வியையும் வாசித்த லெட்சுமியக்கா

லெட்சுமியக்கா இறந்த செய்தி எனக்குப் பிரான்சிலிருந்து வந்தது. அவரது வீட்டுக்கும் எனது வீட்டுக்கும் இடையில் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். ஆனாலும் காலைத் தேநீரைக் கையில் எடுத்த நேரத்தில் போன் எடுத்தவன் அங்கே இருக்கும் அவருடைய மகன் முரளி. "மாமா, அம்மா போயிட்டா. என்னோட கதைச்சுக்கொண்டு இருக்கேக்கதான் போனவா. சித்தி தனிய நிண்டு குளறுறா, ஒருக்கா ஓடிப் போங்கோ" என்றான். சாப்பாட்டுக் கடையில் இரவு வேலை முடித்து அறைக்கு வந்ததும் தாயோடு கதைத்துவிட்டுப் படுப்பது அவன் வழக்கம். அவனுக்கு அது நாளின் முடிவு, அக்காவுக்கு அது நாளின் தொடக்கம்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை பிறகுதான் வந்தது. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. அக்காவோடு பழகிய உங்களில் பலருக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும். கொஞ்சக் காலத்துக்கு முன்னர் அவர் போயிருந்தால், அந்தச் செய்தியை முரளிக்கு யார் சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது என்று நாங்கள் தலையில் கைவைத்திருப்போம். இப்போது அவனே எங்களுக்குச் சொல்கிறான். அதுவும் தாயோடு கதைத்துக்கொண்டிருந்த வாயால் சொல்கிறான்.

எங்களை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பக்கம் நடக்கும் பொதுக்கூட்டங்களை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இணையத்தில் நேரலையாகக் காட்டி வருகிறோம். கமக்காரர் கூட்டம், மீனவர் சங்கம், நூல் வெளியீடு, கருத்தரங்கு, அதிகாரிகள் மக்களைச் சந்திக்கும் நிகழ்வு, எது என்றாலும் கூப்பிட்டால் போவோம். கமெராவும் சிக்னலும் என் பொறுப்பு. தண்ணீரூற்று நிசாரிடம் ஸ்பீக்கர் செட் இருக்கிறது, சத்தம் அவன் பொறுப்பு. லப்டொப்புக்கு முன்னால் இருந்து, பார்ப்பவர்கள் எழுதி அனுப்பும் கேள்விகளை மைக்கில் சபைக்கு வாசிப்பது லெட்சுமியக்கா. படத்தில் ஒருநாளும் அவர் முகம் வந்ததில்லை. பார்த்தவர்கள் அவரைக் குரலால்தான் அறிவார்கள்.

அந்தக் குரல் சங்கக்கடையில் பழகிய குரல். மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த குடும்பத்தில், தாயின் இடுப்பில் இருந்தபடி வன்னிக்கு வந்தவர் அவர். வளர்ந்து கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, நிவாரணம் கொடுத்த காலமெல்லாம் வரிசையில் நின்றவர்களின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றவர். ஒரு பெயரையும் விழுங்கமாட்டார், ஒருவரையும் அவசரப்படுத்தமாட்டார். கேள்வி வாசிப்பதும் அப்படித்தான். அரைகுறையாக எழுதியிருந்தாலும் எழுதியபடியே வாசிப்பார். சுருக்கி வாசியுங்கோ அக்கா என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "கேட்டவர் சுருக்கேல்லை, நான் ஏன் சுருக்குவான்?" என்பார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. சபையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்டு முடித்த பிறகுதான் இணையத்திலிருந்து வரும் கேள்விகளை எடுப்பார். ஒருமுறை முல்லைத்தீவில் நடந்த கூட்டத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் பெரிய புள்ளி ஒருவர் கேள்வி அனுப்பினார். உடனே வாசிக்கவில்லை என்று திருப்பித் திருப்பி அதையே அனுப்பினார். பிறகு எனக்கே போன் எடுத்துத் தான் யார் தெரியுமா என்று கேட்டார். நான் வியர்த்துப்போய் அக்காவின் காதுக்குள் சொன்னேன். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பஸ்ஸில வந்தவை முதல் கேக்கட்டும் தம்பி. கட்டிலில கிடந்து பாக்கிறவை பிறகு கேக்கலாம்" என்றார். பெரிய புள்ளியின் கேள்வி அதன் முறை வந்தபோது வாசிக்கப்பட்டது. அதற்குள் அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நிசார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

கொக்கிளாய்க் கூட்டத்தையும் சொல்லவேண்டும். மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் சிக்னல் எட்டிப் பார்க்கவில்லை. களப்புக் கரையில்தான் கிடைத்தது. நான் வயரை இழுத்து வெளியே கொண்டுபோய் வைத்தேன். அக்கா கொதிக்கிற வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் கதிரை போட்டு இருந்தார். கேள்விகளை அங்கிருந்தே மைக்கில் வாசித்தார். உள்ளே இருந்த முதியவர் ஒருவர், இந்தப் பிள்ளை லண்டனில் இருந்தா கதைக்கிறது என்று பக்கத்தில் கேட்டிருக்கிறார். அது சபை மைக்கில் விழுந்து ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டது. "இல்லை ஐயா, உங்கட வள்ளத்துக்குப் பக்கத்திலதான் இருக்கிறன்" என்று அக்கா அதே நிதானத்தில் பதில் சொன்னார். கூட்டம் கொஞ்ச நேரம் நடக்கவில்லை, அவ்வளவு சிரிப்பு.

இந்தச் சிரிப்புகளுக்கு நடுவில்தான் "பாலைப்பழம்" எங்களிடம் வந்து சேர்ந்தது. வன்னிக் காட்டில் பழுக்கும் அந்தப் பழத்தின் பெயரை ஒரு பார்வையாளர் தனக்கு வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எந்தக் கூட்டத்தைக் காட்டினாலும் பாலைப்பழம் வந்துவிடும். எந்தத் தலைப்பு என்றாலும் அது கேட்பது ஒரே கேள்விதான்: "ரெண்டு குத்திப் பாலத்தை எப்ப கட்டுவீங்கள்?" நெல் விலை பற்றிய கூட்டத்திலும் அதுதான், கவிதை நூல் வெளியீட்டிலும் அதுதான். காலநிலை மாற்றம் பற்றிப் பேச வந்த பேராசிரியர் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அது தன் ஆய்வுப் பரப்புக்குள் வரவில்லை என்று மிகவும் பணிவாகச் சொன்னார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது. யாரோ வேலையில்லாமல் பகிடி விடுகிறான், ஆளைத் தடுத்துவிடுவோம் என்றேன். அக்கா வேண்டாம் என்றார். நான் விடவில்லை. கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த தேநீர்க்கடையில் திரும்பவும் கதையை எடுத்தேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அது என்ர மகன் தம்பி" என்றார்.

பிறகு அவர் சொன்ன கதை இது. கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போன முரளி, சில மாதங்கள் கழித்துப் பிரான்சிலிருந்து போன் எடுத்திருக்கிறான். தகப்பன் இல்லாமல் வளர்த்த ஒரே பிள்ளை. போனதை விடச் சொல்லாமல் போனதுதான் அக்காவைச் சுட்டது. "இனி எனக்கு எடுக்காதை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கோபத்தில் சொன்ன சொல் ஒரு கிழமையில் ஆறிவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார். மகன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எடுக்கவே இல்லை. தாயும் இறங்கி வந்து எடுக்கவில்லை. வருடங்கள் போய்விட்டன. அவர்களது ஒழுங்கையின் முகப்பில் வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு தென்னங்குத்திகள் போட்டிருந்தார்கள். மாரியில் பள்ளிக்கூடம் போகும்போது முரளி அதில் வழுக்கி விழுந்து எழும்பாத வருடம் இல்லை. அதை ரெண்டு குத்திப் பாலம் என்று சொல்பவர்கள் அந்த ஒழுங்கையில் இருக்கும் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் மட்டும்தான். முதல்முறை அந்தக் கேள்வியை வாசித்தபோதே அக்காவுக்கு ஆள் விளங்கிவிட்டது.

"எடுக்காதை எண்டுதான் சொன்னனான். கேள்வி கேக்காதை எண்டு சொல்லேல்லைத்தானே. அவன் கேக்கிறான், நான் வாசிக்கிறன்" என்றார். தன் எழுத்து தாயின் குரலில் கேட்கவேண்டும் என்பதற்காக அவன் எழுதுகிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் இப்போதே அவனுக்கு ஒரு வரி எழுதுங்கோ என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். சபையில் கேட்டதற்குச் சபையில்தான் பதில் சொல்லவேண்டுமாம். பாலம் கட்டாமல் என்ன பதிலைச் சொல்வது என்று கேட்டார். தாயும் பிள்ளையும் ஒரே அச்சு. இப்படி ஒரு வீம்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்விக்கு எரிச்சல்படவில்லை. ஆனால் பயப்படத் தொடங்கினேன். ஏனென்றால் அந்த வருடமே அக்காவின் சிறுநீரகம் பழுது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார், வந்த களைப்போடு கூட்டத்துக்கும் வருவார். கால் வீங்கியிருக்கும், குரல் மட்டும் அப்படியே இருக்கும். தன் வருத்தத்தை மகனுக்குத் தெரிவிக்கக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இரக்கத்தில் அவன் எடுப்பது அவருக்குத் தேவையில்லையாம். ஒவ்வொரு கூட்டத்திலும் பாலைப்பழம் வந்து கேட்கும், அக்கா வாசிப்பார், மேடையில் இருப்பவர் மழுப்புவார். இந்த ஆட்டம் முடியுமுன் அக்கா முடிந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். நிசார் தொழுகையில் அவருக்காகக் கேட்பதாகச் சொன்னான். பாலத்துக்காகவும் சேர்த்துக் கேள் என்று நான் சொன்னேன்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது வீண் கதை அல்ல. திரும்பத் திரும்ப வந்த கேள்வி அதிகாரிகளுக்கே மனப்பாடமாகிவிட்டது. ஒரு கூட்டத்தில் அக்கா மைக்கை எடுக்குமுன்னரே, மேடையில் இருந்தவர் தானாக, அந்தப் பாலத்தைத் திட்டத்தில் சேர்த்தாயிற்று என்று சொன்னார். போன மாரிக்கு முன்னர் வேலையும் முடிந்தது. திறப்புவிழா ஒன்றும் நடக்கவில்லை. அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த கூட்டம் நெடுங்கேணியில். யானைகள் வயலுக்குள் இறங்குவது பற்றிய கூட்டம். காரசாரமாக நடந்து, நன்றியுரையும் முடிந்து, ஆட்கள் எழும்பிக் கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நேரம் போதாமல் இணையக் கேள்விகளை அன்று எடுக்கவே இல்லை. நான் நேரலையை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"நிப்பாட்டாதேங்கோ தம்பி, ஒரு கேள்வி மிச்சம் இருக்கு" என்றார் அக்கா.

பதில் சொல்ல மேடையில் யாரும் இல்லை. அவர் மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்து, வழமைபோல நிதானமாக வாசித்தார். "பாலைப்பழம் என்ற பெயரில் ஒருவர் கேட்டிருக்கிறார். ரெண்டு குத்திப் பாலத்தை எப்ப கட்டுவீங்கள்?" பிறகு தானே பதிலும் சொன்னார். "பாலம் கட்டி முடிஞ்சுது. கொங்கிறீட் பாலம். நான் நடந்து பாத்தனான், வழுக்காது. இனி உங்களுக்கு வேறை ஏதும் கேக்க இருந்தா வீட்டுக்கு எடுத்துக் கேளுங்கோ. நம்பர் மாறேல்லை."

பெற்ற பிள்ளையை ஊரறிய "நீங்கள்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு அவர் சொன்ன அந்தப் பதிலைக் கேட்டு நிசார் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டான். எனக்கும் கண் மறைத்தது. கதிரை அடுக்கியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி வந்தார். அது அடிக்கவில்லை. அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் காலை நானே அவர் வீட்டுக்குப் போனேன். குசினியில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தே நான் வந்த காரணத்தைப் பிடித்துவிட்டார். "எடுத்தவன் தம்பி" என்றார். என்ன கேட்டான் என்றேன். "சாப்பிட்டியோ அம்மா எண்டு கேட்டவன். வேறை என்னத்தைக் கேக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன்போல நான் அந்தக் குசினிப் படியிலேயே இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கிடைத்த மாதங்கள் அவருக்கு நல்ல மாதங்கள். வருத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் அவர் கதைத்ததெல்லாம் முரளியின் கதைதான். அங்கே அவனது அகதி வழக்கு முடியாததால் அவனால் வரமுடியாது என்பதும் அவருக்குத் தெரியும். "வராட்டிப் பரவாயில்லை, ஒவ்வொரு நாளும் வாறான்தானே" என்று போனைக் காட்டுவார். போகும்போதும் அந்தப் போனைப் பார்த்தபடிதான் போயிருக்கிறார். ஒரு தாய்க்கு இதைவிட என்ன வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். வேண்டியது எவ்வளவோ இருக்கும். ஆனால் எனக்கு இருந்த பயம் பொய்த்துப்போனது. அந்த அளவில் நான் கடவுளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

செத்தவீட்டை நேரலையில் காட்டச் சொல்லி முரளி கேட்டான். காட்டினோம். கேள்வி வாசிக்கும் கதிரையில் அன்று நான்தான் இருந்தேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த வேலையைத்தான்: வந்ததைச் சுருக்காமல், விழுங்காமல், எழுதியவர் எழுதியபடியே சபைக்குக் கேட்கும்படி வாசித்துவிடுவது. அன்று பஸ்ஸில் வந்தவர்கள் முதலில் பேசினார்கள். மாதர் சங்கத் தலைவி பேசினார், கொக்கிளாயிலிருந்து வந்த சங்கக்காரர் பேசினார், நிசார் பேசத் தொடங்கி முடிக்காமல் இருந்துவிட்டான். பிறகு வெளியிலிருந்து வந்த அஞ்சலிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பெட்டியை மூடப் போகிறார்கள் என்று யாரோ சொன்னபோது இன்னும் ஒன்று வந்து விழுந்தது. கொஞ்சம் பொறுங்கோ என்று கையைக் காட்டிவிட்டு மைக்கைக் கிட்டப் பிடித்தேன்.

"பாலைப்பழம் என்ற பெயரில் ஒருவர் எழுதியிருக்கிறார். இண்டைக்கு என்னட்டைக் கேள்வி இல்லை. எல்லாத்தையும் அம்மாட்டையே கேட்டு முடிச்சிட்டன்."