மக்பூல் வாங்கிய வாடகை மோட்டார்

மக்பூல் அகமது யாரையும் ஏமாத்தினவன் இல்லை. ஆம்பூரில் தோஸ்த் ஒருத்தன் வாங்கின கடனுக்கு ஜாமீன் நின்றான், அவ்வளவுதான். அந்தப் பாவி ஊரை விட்டு ஓடிப்போக, நாணயம் கெட்டவன் என்கிற பேர் இவன் தலையில் விடிந்தது. பிழைக்க வேலூருக்கு வந்தால், அந்தப் பேரும் கூடவே ரயிலேறி வந்து சேர்ந்தது. தூ, இதெல்லாம் ஒரு நியாயமா!

சின்ன வயசில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று தோல் அலசினவன். பிறகு முதலாளியின் லாரியில் ஏறி ஓட்டக் கற்றுக்கொண்டான். சொந்தமாக ஒரு பழைய மோட்டார் வாங்கி, காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும் நோயாளிகளை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டால் போதும், பேரை மீட்டுவிடலாம் என்று நினைத்தான். ஆனால் கடன் கேட்டு எந்த வாசலுக்குப் போனாலும் கையை விரித்தார்கள்.

கடைசியில் தோல் மண்டி ஜியாவுல்லா ஒப்புக்கொண்டார். "உன்ன நம்பி வேற எவன் குடுப்பான்? அதனால வட்டி ஜாஸ்திதான். கடன் தீர்ற வரைக்கும் மோட்டார் என் பேர்ல இருக்கும். தெனம் காலைல ஆட்டுத்தொட்டில அறுக்கிற ஆட்டோட பச்சைத் தோலை என் மண்டிக்கு ஏத்தியாந்து போட்டுடு. கூலி கேக்கக் கூடாது."

இதென்ன பெரிய காரியம் என்று மக்பூல் தலையாட்டினான். ரத்தமும் உப்பும் சொட்டும் தோலைப் பின்சீட்டில் அடுக்கிக் கொண்டுவந்தான். பிறகு சீட்டைத் துடைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனான். பெண்சாதி பக்ருன்னிசா வண்டிக்குள் மல்லிகைச் சரம் கட்டிவிட்டாள். அவளும் தோல் மண்டிச் சந்தில் பிறந்தவள். அவள் மூக்கும் மரத்த மூக்குதான்.

முதல் சவாரியாக ஒரு பிள்ளைத்தாச்சி ஏறினாள். ஏறின வேகத்தில் இறங்கி வாந்தியெடுத்தாள். "ஐயோ, உள்ள பொணமா ஏத்தியாந்த?" என்று அவள் புருஷன் கத்தினான். அதற்குப் பிறகு வந்தவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜட்கா வண்டிக்கே போனார்கள்.

சீட்டில் முகத்தை வைத்து மோந்து பார்த்தான் மக்பூல். ஒன்றும் தெரியவில்லை. "நெசமாவே நாறுதா?" என்று ஜட்காக்கார ஆரோக்கியசாமியைக் கேட்டான்.

"இன்னாண்ணே இப்படிக் கேக்குற? என் குதிரையே மூஞ்சத் திருப்பிக்குது."

ஓடிப்போய் ஜியாவுல்லாவிடம் கெஞ்சினான். "தோல் ஏத்துறத மட்டும் விட்டுடறேன் முதலாளி. தவணைய ஒழுங்கா கட்டிடுவேன்."

"பேசினது பேசினதுதான். அதான் உன் நாணயமா?"

சவாரி இல்லாமல் தவணை நின்றது. ஜியாவுல்லா ஆளோடு வந்து மோட்டாரின் கதவைத் திறந்தார். உடனே அத்தர் தெளித்த கைக்குட்டையை மூக்கில் அமுக்கிக்கொண்டார்.

"சீச்சீ! இத எவன் வாங்குவான்? பாதி விலைகூடத் தேறாது. மிச்சம் உன் கடன்."

"முதலாளி, அது உங்க தோலு நாத்தம்."

"தோல் என்னுதுதான். வண்டிய நாறடிச்சவன் நீ."

சொல்லிவிட்டு அந்தக் கைக்குட்டையை இவன் முகத்துக்கு நேரே உதறினார். குழிக்குள் நின்ற காலத்திலும் ஒருநாள்கூட முகம் சுளிக்காத மக்பூலுக்கு, அந்த அத்தர் வாசனை பொறுக்கவில்லை. சாக்கடை ஓரத்தில் குந்தி வாந்தியெடுத்தான்.