மங்காத பச்சைப் புள்ளி

மைக்ராஸ்கோப்பில் தெரிந்த அந்தப் பச்சைப் புள்ளி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மனிதக் குரோமோசோம்களை அடையாளம் காண அவற்றில் ஒளிரும் சாயம் ஏற்றுவோம். விளக்கொளி பட்டால் சாயம் சீக்கிரமே மங்கிவிடும். அதற்குள் படம் எடுத்தாக வேண்டும். அந்த ஆண்டு சாயத்துக்குப் பதிலாக ஒளிரும் நானோ படிகங்களைச் சோதித்துப் பார்த்தோம். ஒப்பிடுவதற்கு நோயில்லாத ஒருவருடைய ரத்தம் வேண்டும். புதிதாகச் சேருபவர் கொடுப்பது அங்கே வழக்கம். நான் கையை நீட்டினேன்.

என் ரத்தத்தில் படிகங்கள் ஒட்டி ஒளிர்ந்த இரண்டு பச்சைப் புள்ளிகளும் ஒரே ஜோடிக் குரோமோசோம்களில் தெரிய வேண்டும். ஒன்று இடம் மாறி, வேறொரு குரோமோசோமின் நுனியில் இருந்தது. "துகள் தப்பா ஒட்டியிருக்கும்க்கா" என்றேன், எனக்கு வேலை பழக்கிய தெப்பக்குளத்து சௌராஷ்டிர அக்காவிடம்.

"ஒண்ணு ரெண்டு செல்லுல ஒட்டலாம்டி. எல்லாத்துலயுமா அதே இடத்துல ஒட்டும்? விளக்கு எரியட்டும், வா, டீ குடிச்சிட்டு வருவோம்."

புள்ளி மங்காமல் இருக்க வேண்டுமே என்று எல்லாரும் காத்திருக்க, நான் மட்டும் மங்கிவிடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அது அப்படியே இருந்தது. "அசராம எரியுதே!" என்று கைதட்டினார்கள்.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அக்கா தனியே அழைத்துச் சொன்னார்: "இது நோயில்ல. ஒரு துண்டு இடம் மாறியிருக்கு, அம்புட்டுத்தான். கரு தங்காததுக்கு இதுதான் காரணமா இருக்கும். வீட்டுல சொல்லிரு."

சொல்லவில்லை. உடம்பே கூசியது. சோழவந்தானிலிருந்து வந்திருந்த மாமியார், "உடம்புச் சூடுதான்" என்று வெந்தயம் ஊறிய தண்ணீரைக் காலைதோறும் தருவார். தலையைக் குனிந்தபடி குடிப்பேன். மகள் பிறந்ததும் "பாத்தீகளா, வெந்தயம் கேட்டுருச்சு" என்று தெருவெல்லாம் சொன்னார். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்றும் தோன்றும். எல்லாமே ஆகியிருக்கும் என்றும் தோன்றும். அக்கா போனில் கேட்பார், "சொல்லிட்டியாடி? உன் மகளுக்கும் இது இருக்கலாம், நாளைக்கு அவளும் தெரிஞ்சுக்கணும்ல?"

"சொல்றேன்க்கா."

இன்று காலை மாமியார் இரண்டு டம்ளர்களோடு வந்தார். சின்னது மகளுக்கு. "ஆத்தாளுக்குச் சூடுன்னா மகளுக்கும் இருக்கும்ல? இப்பவே குடிச்சுப் பழகட்டும்."

மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். நான் டம்ளரை மறித்தேன்.

"அத்தை, எனக்குச் சூடு இல்ல."

"பின்ன என்னத்தா?"

முகம் எரிந்தது. எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. அந்தப் பச்சைப் புள்ளியிலிருந்து தொடங்கினேன்.