என் விளம்பரத்துக்குப் போணி

அந்த மே மாதம் காலையில் லேப்டாப்பைத் திறக்கவே எனக்குப் பிடிக்காது. ஆனாலும் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் திறப்பேன். அன்றைக்கென்று ஒதுக்கிய விளம்பரப் பணத்தில் பாதிக்கு மேல் அதற்குள் காலியாகியிருக்கும். விற்பனை என்று போட்டிருக்கும் இடத்தில் முட்டை. பால்காரர் கூட இன்னும் தெருவுக்குள் வந்திருக்க மாட்டார், அதற்குள் எவனோ என் கல்லாவில் கையை விட்டு அள்ளிக்கொண்டு போயிருப்பான்.

என் தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணிதான். வாளியெல்லாம் வெள்ளையாகப் படியும், தலைக்குக் குளித்தால் முடி கொத்தாகக் கையோடு வரும். அதற்காகக் குழாயில் மாட்டுகிற ஒரு ஃபில்டரை ஒரு கம்பெனி ஆன்லைனில் விற்றது. நான் உப்புத் தண்ணியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அடியில் அந்தக் கம்பெனிக்குப் போகிற இணைப்பை வைத்தேன். உப்பை முழுசாக எடுக்காது, கொஞ்சம் குறைக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். என் இணைப்பு வழியாகப் போய் யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன்.

அந்தப் பக்கத்துக்கு ஆள் வர வேண்டுமே, அதற்குத்தான் விளம்பரம். 'உப்புத் தண்ணி, முடி கொட்டுது' என்று ஒருவர் போனில் தேடினால் என் விளம்பரம் மேலே வந்து நிற்கும். அவர் அதை அமுக்கினால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், என் பணத்தில் கொஞ்சம் கரையும். வாங்குகிறவர்களால் வருவது வாங்காதவர்களால் போவதைவிடக் கூடுதலாக இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

இது எனக்குப் புதுசு இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் வருஷக்கணக்காக இதே வேலையைத்தான் ஊரான் பணத்தில் செய்தேன். வெளிநாட்டுக்காரர்களின் விளம்பரங்கள். அவர்களுக்குப் பகல் என்றால் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். என் வீட்டுக்காரர் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், இருட்டோடு கிளம்பிவிடுவார். பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. நடக்கப் பழகிய கையோடு அவளை அரக்கோணத்தில் என் அக்கா வீட்டில் விட்டோம். லீவு நாளில் ரயில் ஏறிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற அம்மாவாக இருந்தேன் நான்.

ஒன்றாம் வகுப்புக்காவது அவள் எங்களோடு இருக்க வேண்டும் என்றுதான் வேலையை விட்டேன். என் மேனேஜர் அம்மா நல்ல மாதிரி. "மே கடைசி வரைக்கும் உன் சீட்டை யாருக்கும் தரமாட்டேன். அன்னிக்கு போன் பண்ணுவேன், வர்றியா இல்லையான்னு சொல்லிடு" என்றார். வீட்டில் பேசி முடித்துக்கொண்டோம். அதற்குள் விளம்பரம் தன் காலில் நின்றால் பிள்ளை இங்கே திருவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் சேருவாள். நிற்காவிட்டால் நான் ராத்திரி ஷிஃப்டுக்கும் அவள் அரக்கோணத்துக்கும் திரும்பிப் போக வேண்டும்.

லீவு விட்டதும் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம், இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்திருந்தது. அக்கா கொடுத்தனுப்பிய பெரிய கட்டைப்பையில்தான் தன் கவுன்களை வைத்திருந்தாள். பீரோவில் அவளுக்கென்று ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தேன், தொடவே இல்லை. பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வாள், துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி பைக்குள்ளேயே வைப்பாள். "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஃப்ரிட்ஜைத் திறப்பாள். பெற்றவர்கள் வீட்டில் யாராவது இப்படிக் கேட்பார்களா?

காலையில் காலியாகும் பணத்துக்கு வருகிறேன். எந்த நேரத்தில் அமுக்குகிறார்கள், எந்தப் பக்கத்திலிருந்து அமுக்குகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாம் விடிகிற நேரத்தில், எல்லாம் போனிலிருந்து, எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம். ஒரே போனில் திரும்பத் திரும்ப அமுக்கினால் விளம்பரக் கம்பெனியே அதைக் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிடும். இது ஆளுக்கு ஒரு போன். போட்டிக்காரன் எவனோ கூலிக்கு ஆள் வைத்து என் பணத்தைக் கரைக்கிறான் என்றுதான் நினைத்தேன். பூந்தமல்லியில் இதே ஃபில்டரைக் கடையில் வைத்து விற்கிற ஒருவர் மேல் சந்தேகம் விழுந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காவிட்டால் தூக்கம் வராது.

"நாளைக்கு உன் வண்டியிலயே என்னை பூந்தமல்லி இட்டுகினு போ" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"அங்க இன்னாமே வேலை உனக்கு?"

"ஒருத்தன் சட்டையைப் பிடிக்கணும்."

"சொம்மா இரு. யாவாரம்னா மொதல்ல அப்டி இப்டிதான் இருக்கும். எல்லாம் ஷோக்கா வரும் பாரு" என்று சிரித்தார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பமே கவிழப் போகிறது, இந்த மனுஷனுக்குச் சிரிப்பு வருகிறதே என்று.

அவர் சிரிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊரில் அவர் கைராசிக்காரர். காலையில் ஸ்டாண்டுக்குப் போனால் பழக்காரம்மா அவரை விடமாட்டார். "நைனா, உன் கையால போணி பண்ணுடா" என்பார். இவர் ஒரு வாழைப்பழம் வாங்கிக் காசு கொடுப்பார். அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார். அன்றைக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. பூக்கடை, இட்லிக் கடை என்று அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பாதி நாள் காலைப் பசி அதிலேயே ஆறிவிடும்.

மறுநாள் பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் முதல் சவாரி ஏற்றிக்கொண்டு போயிருந்தார், மற்ற வண்டிகளுக்கு இன்னும் சவாரி தொடங்கவில்லை. டிரைவர்கள் டீ கிளாஸோடு வரிசையாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணி, உங்க கடைக்கு போணி பண்ட்டேன்!"

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கடைக்குண்ணா?"

"அதான் அண்ணி, உப்புத் தண்ணி கடை. அண்ணாத்த சொல்லிக்கீறார்ல. டெய்லி வந்ததும் மொத வேலை அதான். தேடி, அத்த ஒரு அமுக்கு அமுக்கிட்டுதான் டீயே."

"நான் நேத்து ஊட்டுக்காரம்மா போன்லயும் அமுக்கினேன்" என்றார் பக்கத்தில் நின்றவர். "எங்க மச்சான் பூந்தமல்லி ஸ்டாண்டுலயும் சொல்லி வெச்சிக்கீறான்."

போட்டிக்காரனும் இல்லை, கூலி ஆளும் இல்லை. ஸ்டாண்டு மொத்தமும் என் பணத்தை ஆசை ஆசையாகக் கரைத்துக்கொண்டிருந்தது. நம் ஆட்களே அமுக்குகிறார்கள் என்று விளம்பரக் கம்பெனிக்குத் தெரிந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள், அது வேறு.

'யாராவது அதை அமுக்கினால்தான் நமக்குப் பொழைப்பு' என்று ஒருநாள் நான் சமையல் அவசரத்தில் சொன்னதை என் வீட்டுக்காரர் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் முதல் ஆள் குனிந்து என் மகளின் கன்னத்தைத் தட்டினார்.

"எதுக்கு அமுக்கறோம் தெரியுமா பாப்பா? நீ இங்கியே இருக்கணும், எங்க வண்டியில ஸ்கூலுக்குப் போணும். அதுக்குத்தான்."

வாய்க்கு வந்ததெல்லாம் அப்படியே உள்ளே போய்விட்டது. இவர்களை என்ன சொல்லித் திட்டுவது? என் மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அமுக்கினா நான் இங்கயே இருக்கலாமா?"

"பின்ன!"

அவள் என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் தன் போனில் அந்த விளம்பரத்தைக் காட்டி, எப்படித் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவள் விரல் போய்விட்டது. "அமுக்காதே!" என்று கத்தி, போனைப் பிடுங்கினேன். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பிள்ளை அழவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

பூந்தமல்லிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் கொடியில் கிடந்த இரண்டு கவுன்களையும் இழுத்தாள். ஒன்று இன்னும் ஈரம். அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தாள். 'நான் இங்கே இருப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை' என்று அவள் முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்லடி கண்ணு, அது அப்படி இல்ல" என்று பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கவுனை வெளியே எடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்த வேண்டும் என்றுதான் இருந்தேன், மெதுவாகத்தான் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஒவ்வொரு அமுக்குக்கும் நம்ம துட்டா போச்சு?"

"ஆமா."

"அப்ப பாப்பா திரும்பப் போனா, நான் அனுப்பிச்ச மாதிரியா?"

அவர் எழுந்து கையைக் கழுவப் போனார். வெகுநேரம் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே எங்கள் சுற்றுவட்டாரத்தில் விளம்பரம் தெரியாதபடி மாற்றினேன். சாயங்காலத்தோடு அதை நிறுத்திவைத்து, காலையில் ஊரே வேலைக்குப் போன பிறகு நானே திறந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் அவரே போய்ச் சொல்லிவிட்டார், எப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. விற்பனை மெல்ல வர ஆரம்பித்தது. சேலத்திலிருந்து ஒன்று, திருப்பூரிலிருந்து ஒன்று. போட்டது திரும்பி வந்து, மேலே கொஞ்சம் நின்றது. ஆனால் மாதம் முடியப் போகிறது. இந்தக் கொஞ்சத்தை நம்பி ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடத்தை முடிவு செய்வதா என்று உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் பழக்காரம்மா என்னைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா ஆச்சு உன் ஊட்டுக்காரனுக்கு? கூப்புட்டா கையைப் பாக்கெட்டுக்குள்ள வுட்டுகினு போறான். என் கை சரியில்ல, வேற ஆளைப் பாருன்றான். என் யாவாரமே படுத்துகிச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பணம் போனதற்குக்கூட நான் அழவில்லை.

மேனேஜர் அம்மா போன் செய்ய வேண்டிய நாள் வந்தது. என் வீட்டுக்காரரைச் சவாரிக்குப் போகவிடாமல் உட்காரவைத்தேன். லேப்டாப்பை முன்னால் நகர்த்தினேன்.

"இங்க ஒரு பட்டன் கீது பாரு. இதை அமுக்கினாத்தான் இன்னிக்கு விளம்பரம் தொடங்கும். அமுக்கு."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மே. என் கையால வேணாம்."

"யோவ், இதுக்கு ஒரு பைசா கிடையாது. கடை திறக்கிற மாதிரி. உன் கைதான் வேணும் எனக்கு."

அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "பாப்பா அமுக்கட்டும்" என்றார்.

மூலையில் பையோடு உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். பட்டனைத் தொடவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "அமுக்கலாமா?"

"அமுக்குடி, தங்கம். நல்லா அமுக்கு."

அவள் அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்து, அதன் மேல் தன் விரலை வைத்து அமுக்கினாள். அவர் அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவளும் ஒற்றிக்கொண்டாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

விற்பனை ஒன்றும் வரவில்லை. ஒன்றாவது வந்தால் ஒரு தைரியமாக இருக்கும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போன் அடித்துவிட்டது. மேனேஜர் அம்மா நலம் விசாரித்துவிட்டு, "அப்புறம், திங்கட்கிழமையிலேர்ந்து வர்றியா?" என்றார். முட்டையாக நின்ற அந்த இடத்தை ஒரு தரம் பார்த்தேன்.

"இல்ல மேடம். வரல. சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

போனை வைத்தேன். "தெரிஞ்சிதான் சொன்னியா?" என்று கேட்டார் அவர்.

"தெரியாது. சொல்லிட்டேன்."

என் மகள் பையை இழுத்துக்கொண்டு பீரோவுக்குப் போனாள். காலியாக இருந்த தட்டில் கவுன்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அன்றைக்கு ஈரத்தோடு வைத்ததில் மக்கிய வாசனை அடித்தது, அதை மட்டும் முகர்ந்து பார்த்துத் துவைக்கப் போட்டாள். பிறகு காலிப் பையைத் தலைகீழாக உதறிவிட்டு என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"அம்மா, இதுல இனிமே வெங்காயம் வெச்சுக்கிறியா?"