இருபத்தேழாம் சோதனை

துவைத்த துணிகளை மடிப்பது இந்த மூன்று வாரமாகத் தங்கையின் வேலை. துண்டை நான்காக, போர்வையை எட்டாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரலால் நீவி மடிப்பாள். தனக்குப் பணியிடை நீக்கம் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு துணி சுருண்டு கிடக்க விடுவதில்லை. அக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அடுக்கின் நடுவிலிருந்து கைக்குட்டையை உருவுவாள். அடுக்கு சாயும். தங்கை அதை நிமிர்த்துவாள், அவ்வளவுதான். முன்பென்றால், “ஊர்க் குறையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குறவளுக்கு, தன் கை பண்றது மட்டும் கண்ணுல படாது” என்று ஒரு போடு போட்டிருப்பாள்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடமாக மென்பொருள் சோதிக்கும் வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை விட்டு வந்த தங்கையோடு இரண்டு அறை வீட்டில் குடித்தனம். தங்கை வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ். அவள் கையில் இருந்த கருவியின் மென்பொருளைச் சோதித்தது அக்காதான். “எங்கக்கா பார்த்து விட்ட மெஷின்” என்று மற்ற நர்சுகளிடம் தங்கை பீற்றிக்கொள்வாள்.

கருவி உள்ளங்கை அளவுதான். ஊசி போட்டதும் நோயாளியின் பெயர், நேரம், மருந்தளவு மூன்றையும் தட்டி, ‘சேமி’யை அழுத்த வேண்டும். பச்சை டிக் விழும். பதிவு உள்ளிருக்கும் மெமரி கார்டில் ஏறி, பிறகு தங்கை வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்குப் போகும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள், தனியாக இருந்த மறதி நோய்க்கார அம்மாள் ஒருத்திக்குத் தங்கை காலையில் இன்சுலின் போட்டாள். பதிவு நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஊசி போடவில்லை என்று நினைத்து இன்னொரு நர்ஸை அனுப்பினார்கள். ஏற்கெனவே போட்டாயிற்று என்று அந்த அம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது ஊசியும் ஏறியது; சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, அம்மாள் இரண்டாம் நாள் இறந்துபோனாள்.

“நான் அழுத்தினேன்க்கா. டிக் வந்துச்சு.”

“வந்திருக்காதுடி. நாற்பது சோதனை, நாற்பதும் நானே செஞ்சது. டிக் வந்தா பதிவு தொலையாது. அவசரத்துல மறந்திருப்பே. ஒத்துக்கிட்டு எழுதிக் குடு, வேலையாவது மிஞ்சும்.”

தங்கை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ‘பதிய மறந்திருக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அக்கா சொல்லச் சொல்ல, அவளுக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருந்தது.

இந்த வாரம் அலுவலகத்தில் அக்காவின் கணினியை மாற்றினார்கள். அங்கே நிஜக் கருவியில் யாரும் சோதிப்பதில்லை. கணினித் திரையில் ஒரு பொய்க் கருவி, அதற்கு ஒரு பொய்க் கார்டு. கார்டு என்பது வெறும் ஃபைல். புதுக் கணினியில் கருவி கிளம்பியது; கார்டு ஏறவில்லை. ‘கார்டு இல்லை’ என்று விடாமல் வந்தது. ஃபைலை இடம் மாற்றினாள், அனுமதிகளைத் திருத்தினாள், அளவைச் சரிபார்த்தாள். ஒன்றரை நாள் மல்லுக்கட்டிவிட்டு, பழையதை விட்டொழித்து வெற்றுக் கார்டு ஒன்றைப் புதிதாக உண்டாக்கினாள். ஏறியது. சரிபார்ப்போமே என்று, ஒவ்வொரு தடவையும் கார்டைத் துடைத்துவிட்டு, சோதனைகளை வரிசையாக ஓட்டினாள்.

இருபத்தேழாவது: பேட்டரியை மாற்று, பதிவு செய், கார்டில் இருக்கிறதா பார்.

பச்சை டிக் விழுந்தது. கார்டைத் திறந்தாள். காலி.

கார்டு மறுபடி மக்கர் பண்ணுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். கழற்றி மாட்டினாள். மற்ற சோதனைகளில் ஒழுங்காக எழுதிற்று. இதில் மட்டும், எத்தனை முறை செய்தாலும், டிக் உண்டு, பதிவு இல்லை.

பொய்க் கருவி முதலிலிருந்து கிளம்ப ஒன்பது நிமிடம் பிடிக்கும். அதனால் எல்லாம் நன்றாக ஓடும் ஒரு கணத்தை அப்படியே உறைய வைத்து, தினமும் அங்கிருந்தே தொடங்குவது அவர்கள் வழக்கம். அவள் உறைய வைத்த அன்று, மென்பொருளின் பழைய வெர்ஷன் எழுதிய பதிவு ஒன்று கார்டில் இருந்தது; தினமும் அதுவும் கூடவே வந்தது. சோதனையில் எப்போதும் அதே பெயர், அதே காலை எட்டுப் பத்து மணி, அதே பத்து யூனிட், ஒப்பிடச் சுலபம். இருபத்தேழாம் சோதனையில் புது வெர்ஷன் ஒன்றுமே எழுதாதபோதும் கார்டைத் திறந்தால் அந்தப் பழைய பதிவு இருந்தது. ‘தேறியது’ என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டு அலுவலக மேலாளர் சிரித்தார். “மேடம், டம்மி கார்டுல வர்றது எல்லாம் டம்மிதான். நிஜக் கருவியில பார்த்தீங்களா?”

“நிஜக் கருவி உங்க பீரோவுக்குள்ள இருக்கு. சாவியைக் குடுங்க.”

அவர் மேசைமீதே மூன்று முறை பேட்டரியை மாற்றிக் காட்டினாள். மூன்று டிக். ஒரு பதிவுகூட இல்லை.

“இதை இப்பவே எழுதி அனுப்பணுமா? சோதிச்சவங்கன்னு உங்க கையெழுத்துதான் இருக்கு.”

“தெரியும்” என்றாள். சாயங்காலத்துக்குள் நிலையத்துக்கு எழுதி அனுப்பிவிட்டுத்தான் இடத்தை விட்டு எழுந்தாள்.

வீட்டில் தங்கை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பையைக்கூட இறக்கவில்லை.

“அன்னைக்கு பேட்டரி மாத்தினியாடி?”

“மாத்தினேன். அவங்க வீட்டு மாடிப்படியில நின்னு. உன்கிட்ட சொன்னேனே.”

“சொன்னே.”

அக்கா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். உறைய வைத்தது, பழைய பதிவு, இன்று அனுப்பிய கடிதம். தங்கை கடைசிவரை கேட்டாள்.

“அப்போ டிக் வந்துச்சு.”

“வந்துச்சு.”

“அந்தம்மாவோட பொண்ணு என் மூஞ்சிக்கு நேரா கேட்டா, ஒரு பட்டனை அழுத்த உனக்கு என்ன கேடுன்னு. மன்னிச்சுக்கங்கன்னு காலைத் தொட்டேன்க்கா.” தங்கையின் குரல் ஏறவில்லை. “நான் எழுதிக் குடுத்ததைத் திருப்பித் தருவாங்களா?”

“தெரியலை. கையெழுத்துப் போட்டது போட்டதுதான்னு சொன்னாலும் சொல்வாங்க.” அக்கா பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். “வெள்ளிக்கிழமை நிலையத்துல வைக்கிற உன் விசாரணைக்கு நானும் வர்றேன். என் தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போவோமாடி?”

தங்கை எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளினாள். அக்கா பக்கம் திரும்பாமல் அறையை விட்டுப் போனாள்.